காப்புறுதி இல்லாமல் பற்சிகிச்சை: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எமது ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கைப் பல வருடங்களாக எழுதி வருபவள் நான். சங்கத்தில் கடன் கேட்டு வருபவர்கள் சொல்லும் காரணங்களில், பிள்ளையின் படிப்பு, வேளாண்மைச் செலவு, கூரை திருத்தம் ஆகியவற்றுக்கு அடுத்ததாக இப்போது பல் வந்து நிற்கிறது. நான் பல் வைத்தியர் அல்லேன். எந்தப் பல்லுக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகு பணத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று என்னிடம் கேட்கப்பட்டவற்றுக்கே இங்கே பதில் எழுதுகிறேன்.

என்னிடம் மருத்துவக் காப்புறுதி இல்லை. இருந்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது அல்லவா?

பெரும்பாலும் வந்தே இருக்கும். நமது நாட்டில் விற்கப்படும் தனியார் மருத்துவக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கே பணம் தருகின்றன; பல் என்று வரும்போது, விபத்தில் உடைந்த பல்லுக்கு மட்டும் என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும், அல்லது அதுவும் இராது. அரச ஊழியராக இருந்து, அவர்களுக்கான அக்ரஹார காப்புறுதித் திட்டத்தில் சேர்ந்திருப்பவர்கள், தாங்கள் சேர்ந்திருக்கும் பிரிவில் என்னென்ன அடங்கும் என்பதைச் சிகிச்சைக்குப் பின் அல்லாமல் முன்னரே அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மற்றவர்கள் காப்புறுதி இல்லையே என்று வருந்துவதில் பயனில்லை. நம் ஊரில் பல்லுக்காக அதிகம் செலவழித்தவர்கள், நான் பார்த்த அளவில், இலவசமாகச் செய்யக்கூடியதையும் காசு கொடுத்துச் செய்தவர்களும், வலி வரும் வரை காத்திருந்தவர்களுமே.

அரச வைத்தியசாலையில் எதுவரை இலவசமாகச் செய்வார்கள்?

பலர் நினைப்பதைவிட அதிகம். பல் பிடுங்குதல், சூத்தைப் பல்லை அடைத்தல், முரசில் படிந்த காரையைச் சுரண்டித் துப்புரவு செய்தல், சீழ் வடித்தல், பல் எக்ஸ்றே ஆகியவை அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை ஆகியவற்றுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று போன்ற இடங்களில் உள்ள ஆதார வைத்தியசாலைகளிலும் பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள். படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போகும் ஒருவர், தன் பக்கத்து வைத்தியசாலையில் எந்த நாட்களில் பல் பிரிவு நடக்கிறது என்பதை முதலில் விசாரித்துக்கொண்டால் பயணச் செலவு மிஞ்சும்.

தாடையெலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல், தாடை முறிவு, வாயில் கட்டி போன்றவற்றுக்குப் பெரிய வைத்தியசாலைகளில் உள்ள வாய், முக, தாடை அறுவை நிபுணரிடம் அனுப்புவார்கள். அதே வேலை தனியாரில் கையைச் சுடும் செலவாகும். ஆகவே ஞானப்பல்லுக்குச் சத்திரசிகிச்சை வேண்டும் என்று தனியார் நிலையத்தில் சொல்லப்பட்டால், அந்த எக்ஸ்றேயை எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையில் ஒருமுறை காட்டாமல் முற்பணம் கட்ட வேண்டாம் என்பது எனது அபிப்பிராயம்.

பல்லின் நரம்பை அகற்றி வேருக்குள் அடைக்கும் வேர்க்குழாய்ச் சிகிச்சை, அதாவது றூட் கனால், நிபுணர் உள்ள இடங்களில் செய்யப்பட்டாலும் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. பல்லின் மேல் உறைபோல் போடும் கிரவுண், பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு கட்டும் நிலையான பாலப்பல், எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் ஆகியவற்றுக்கு நமது பக்கத்தில் நடைமுறையில் தனியாரையே நாட வேண்டியிருக்கிறது. கையில் உள்ள காசை வைத்திருக்க வேண்டியது இந்த வகைக்குத்தான்.

காலையில் போய் இலக்கம் எடுத்து நின்றால் ஒரு நாள் கூலி போய்விடுகிறதே?

போகும். ஆனால் கணக்கை முழுமையாகப் பார்க்க வேண்டும். தனியாரில் ஒரு பல் அடைக்கக் கேட்கும் தொகையையும், உங்கள் ஒரு நாள் கூலியுடன் பஸ் காசைச் சேர்த்து வரும் தொகையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பல்லானால் சில வேளை இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகக்கூட வரலாம். மூன்று பல் என்றால் பெரும்பாலும் வராது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மாத்திரைகளையும் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் அதைச் சொல்லாமல் பல் பிடுங்க உட்காரக் கூடாது. தானாக மருந்தை நிறுத்திவிட்டும் போகக் கூடாது. கொப்பி இல்லாததாலும் சீனி அளவு பார்க்காததாலும் திருப்பி அனுப்பப்பட்டு இரண்டாவது நாள் கூலியையும் இழந்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

தனியார் நிலையத்தில் மொத்தச் செலவை முன்கூட்டியே கேட்பது மரியாதைக் குறைவா?

இல்லை. கேட்காமல் விட்ட என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் தாயாரின் கடைவாய்ப் பல் ஒன்றுக்காக ஒரு நிலையத்துக்குப் போனபோது, முதல் நாள் சொல்லப்பட்ட தொகையே முழுத் தொகை என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாவது வருகையின்போதுதான் அது வேருக்குள் செய்யும் வேலைக்கு மட்டும் என்பதும், மேலே போடும் கிரவுணுக்கு வேறு கணக்கு என்பதும் தெரிந்தது. ஏமாற்று என்று அதைச் சொல்ல மாட்டேன்; அவர்கள் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பாதி முடிந்த பல்லோடு வீட்டுக்கு வந்து நகைப் பெட்டியைத் திறக்க நேர்ந்தது.

அன்றிலிருந்து நான் பிறருக்குச் சொல்வது இதுதான். சொல்லப்படும் தொகையில் எக்ஸ்றே, ஒவ்வொரு வருகைக்குமான வைத்தியர் கட்டணம், மருந்து, ஆய்வுகூட வேலை ஆகியவை அடங்குமா, மொத்தம் எத்தனை வருகை, வேலை முடிந்த பின் கிரவுண் கழன்றால் அல்லது அடைத்தது விழுந்தால் மீண்டும் பணம் கட்ட வேண்டுமா என்பவற்றைக் கேட்டு, ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, குறைந்த செலவில் வேறு வழி உண்டா என்று கேட்பதே பயன் தரும். சிரிக்கும்போது தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கிரவுண் போதுமானது, உறுதியானதும்கூட. பல் நிறத்தில் செய்யும்போதுதான் விலை ஏறுகிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் வைத்தியர் நாம் விரும்புவது அதுவே என்று எடுத்துக்கொள்கிறார். கேட்டால் மற்றதையும் சொல்வார்.

பொருட்களின் விலை ஏன் இவ்வளவு உயர்ந்தது என்று கோபிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல் அடைக்கும் பசையிலிருந்து விறைப்பு ஊசி வரை பெரும்பகுதி இறக்குமதியாகும் பொருள். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபாய் வரை ஏறியபோது, அந்த ஏற்றம் பல் வைத்தியரின் மேசைக்கும் வந்தது.

ஐந்து பற்களில் வேலை இருக்கிறது. மொத்தப் பணமும் என்னிடம் இல்லை. என்ன செய்வது?

பற்சிகிச்சையில் ஏழைக்கு இருக்கும் ஒரே வசதி, அதைத் துண்டுகளாகப் பிரிக்கலாம் என்பதுதான். இருதயச் சத்திரசிகிச்சையைப் பாதி இந்த வருடமும் பாதி அடுத்த வருடமும் செய்ய முடியாது. வாயை அப்படி ஒழுங்குபடுத்த முடியும். வைத்தியரிடம், “டொக்டர், இந்த மாதம் என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட்டு, “யோசித்துச் சொல்கிறேன்” என்று எழும்பி வந்துவிடுபவர்கள்தான் ஆறு மாதம் கழித்து முகம் வீங்கித் திரும்பப் போகிறார்கள்.

பொதுவாக வீக்கமும் சீழும் வலியும் முதலில் தீர்க்கப்பட வேண்டும். காப்பாற்ற முடியாத பற்களைப் பிடுங்குவதும் முரசைத் துப்புரவு செய்வதும் அடுத்தது. இவையெல்லாம் அரச வைத்தியசாலையில் முடிந்துவிடும். பின்னர் சூத்தை ஆழமாகாத பற்களை அடைக்க வேண்டும். அதையும் அங்கேயே செய்துகொள்ளலாம். இத்தனையும் முடிந்த பிறகு எஞ்சி நிற்பது ஒரு றூட் கனாலும் ஒரு கட்டுப்பல்லுமாக இருந்தால், ஐந்து பல்லின் செலவு இரண்டு பல்லின் செலவாகச் சுருங்கிவிட்டது என்று பொருள். கட்டுப்பல் காத்திருக்கும். வேளாண்மைக் குடும்பங்கள் அதை மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற காசு வரும் காலத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். அது நல்ல வழக்கம்.

ஆனால் தள்ளிப்போடக் கூடாததும் ஒன்று உண்டு. சிறிய சூத்தை. வலிக்காததால் அதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். சிறிய ஓட்டையை அடைப்பது ஒரே வருகையில் முடியும் வேலை. அது நரம்பைத் தொட்டுவிட்டால் பல வருகை, பல எக்ஸ்றே, மேலே ஒரு கிரவுண் என்று வளர்ந்துவிடும். ஆகவே பணம் குறைவாக உள்ளவர் வலிக்கிற பல்லோடு வலிக்காத சூத்தையையும் அதே நாளில் காட்ட வேண்டும்.

றூட் கனால் செய்வதா, பிடுங்கிவிடுவதா?

பிடுங்குவது இன்றைக்கு மலிவு. பிடுங்கிய இடம் வெறுமையாகக் கிடந்தால் பக்கத்துப் பற்கள் மெல்லச் சாயும், எதிர்ப்பக்கத்துப் பல் இறங்கும், அதற்குப் பிறகு கட்டுப்பல் கட்டுவதும் சிரமமாகும். ஆகையால் முன்பல்லையும் சாப்பாடு மெல்ல உதவும் முதல் கடைவாய்ப் பல்லையும் காப்பாற்றச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. வாயின் கடைசியில் இருக்கும் பல், எதிரே கடிக்கப் பல்லில்லாத பல், முரசு தேய்ந்து ஆடும் பல் ஆகியவற்றுக்காகக் கடன்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: றூட் கனால் செய்த கடைவாய்ப் பல் நொறுங்கும் தன்மை கொண்டது, கிரவுணுக்குப் பணம் சேர்க்க வழியே இல்லாமல் றூட் கனாலை மட்டும் செய்துகொண்டு அந்தப் பல்லால் முறுக்குக் கடித்தால், பல் பிளந்து இரண்டு செலவும் வீணாகலாம்.

பல் பிடுங்கியவுடன் கட்டுப்பல் கட்டலாமா?

முன்பல்லானால், வெளியே முகம் காட்ட வேண்டிய வேலை உள்ளவர்கள் உடனே கட்டிக்கொள்வதுண்டு. ஆனால் பல் போன இடத்தில் எலும்பும் முரசும் சில மாதங்கள் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் கட்டியது தளர்ந்து, திருத்தவோ மீண்டும் செய்யவோ நேரிடும். அவசரமில்லாதவர்கள் இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் ஒரே செலவோடு முடியும். கழற்றிப் போடும் பிளாஸ்டிக் கட்டுப்பல்தான் எல்லாவற்றிலும் மலிவு.

குறைந்த விலைக்கு வீட்டுக்கே வந்து பல் கட்டித் தருபவர்கள் இருக்கிறார்களே?

அவர்களிடம் போக வேண்டாம். பக்கத்துப் பற்களோடு கம்பியாலும் பசையாலும் ஒட்டி, கழற்ற முடியாதபடி கட்டிவிடும் பல்லுக்கடியில் சாப்பாடு தங்கி, ஒன்றுக்காகப் போய் மூன்று பல்லை இழந்தவர்கள் உண்டு. முறையாகக் கிருமி நீக்காத கருவியால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் தொற்றவும் கூடும். பல் வைத்தியம் செய்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் எதை வாங்குவது?

முதலில் சீட்டு. ஊரில் நம்பிக்கையானவர்கள் பத்துப் பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் சீட்டில், முன்கூட்டியே பேசி உங்கள் முறையை முன்னுக்கு வாங்கிக்கொண்டால் 50,000 ரூபாய் வட்டியில்லாமல் கைக்கு வரும். ஏலச்சீட்டு வேறு, அதில் கழிவு என்ற பெயரில் வட்டி ஒளிந்திருக்கிறது. கிராமச் சங்கக் கடனும் சமுர்த்தி வங்கிக் கடனும் அடுத்தவை. வங்கியில் நகையை அடகு வைப்பதை எங்கள் பெண்கள் அவமானமாக நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் மீட்கும் திகதியைச் சுவரில் மாட்டிய கலண்டரில் எழுதிவைக்க வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வந்து கொடுக்கும் கிழமைக் கடனைப் பல்லுக்காக வாங்க வேண்டாம். அதில் சொல்லப்படும் வட்டி பெரும்பாலும் நிலையான வட்டி. 60,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு 24 வீதம் என்று வாங்கினால் வட்டி 14,400 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் மாதம் 6,200 ரூபாய்ப்படி கட்டி முடிப்பீர்கள். பார்ப்பதற்கு 24 வீதம்தான். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆறாம் மாதத்தில் ஏறத்தாழப் பாதிப் பணம்தான் உங்களிடம் இருக்கிறது, வட்டியோ முழு 60,000 ரூபாய்க்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்து செல்லும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 41 வீதத்தையும் தாண்டும். மட்டக்களப்பில் கிழமைக் கடன் குடும்பங்களை என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கடனட்டை வைத்திருப்பவர்களுக்கு வட்டியில்லாத் தவணை என்று சில நிலையங்கள் அறிவிக்கும்போது, ஆரம்பக் கட்டணம் ஏதும் உண்டா என்பதைக் கேட்க வேண்டும். பல வைத்தியர்கள் வட்டி, பத்திரம் எதுவுமில்லாமல் வருகைக்கு வருகை பிரித்துக் கட்டச் சம்மதிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன் இதைக் கேளுங்கள்.

பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போனால் மலிவாகச் செய்யலாமாமே?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தோடு இணைந்த போதனா வைத்தியசாலை அது. விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் மாணவர்களும் சிகிச்சையளிக்கிறார்கள். வேலை நிதானமாகவும் கவனமாகவும் நடக்கும். நிதானம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் ஒரே வேலைக்குப் பல தடவை போக வேண்டி வரும். மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போய்வரும் பஸ் காசையும் தங்கும் செலவையும் ஐந்தால் பெருக்கிப் பார்த்தால், சாதாரண வேலைக்கு அது மலிவல்ல. இங்கே செய்ய முடியாத கடினமான வேலைக்கு, வைத்தியரின் கடிதத்தோடு போவதானால் பயனுண்டு. கண்டிப் பக்கம் உறவினர் வீடு இருப்பவர்களின் கணக்கு வேறு.

பிள்ளைகளுக்கு என்ன வசதி இருக்கிறது?

பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில், அதற்கென்றே பயிற்றப்பட்ட சிகிச்சையாளர்கள் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் அடைத்தும் பிடுங்கியும் விடுகிறார்கள். பெற்றோர் அறிய வேண்டிய முக்கியமான விடயம் ஒன்று: ஆறு வயதளவில் பாற்பற்கள் விழாமலே, அவற்றுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதைப் பாற்பல் என்று நினைத்து, “விழுந்து முளைக்கும்தானே” என்று விட்டுவிடுகிறோம். அது வாழ்நாள் முழுவதற்குமான பல், விழுந்தால் முளைக்காது. பிற்காலத்தில் றூட் கனாலுக்கு வரும் பற்களில் இதுவே அதிகம் அடிபடுகிறது. பல் வரிசை கோணலாக இருந்து கம்பி போட வேண்டியிருந்தால், அரச வைத்தியசாலையின் நிபுணரிடம் பெயர் பதிவதை ஒன்பது, பத்து வயதிலேயே செய்துவிடுங்கள். முறை வருவதற்குள் வயது ஏறிவிடும்.

கர்ப்பிணிகள் பல் வைத்தியம் செய்யலாமா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். கிளினிக்கில் குடும்பநல மாது பல் பிரிவுக்கு அனுப்புவது அதற்காகத்தான். கர்ப்பிணி என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

பணம் சேரும் வரை வலி மாத்திரையோடு சமாளிக்கலாமா?

சில நாட்களுக்கு மட்டும். பரசிட்டமோல் வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு மாத்திரை, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவர் வைத்தியரைக் கேட்க வேண்டும். டெங்கு பரவும் மாரி காலத்தில் பல்வலியோடு காய்ச்சலும் இருந்தால் இபுபுரூபன், டைக்குளோபினக், அஸ்பிரின் வகை மாத்திரைகளைத் தொட வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை பல்லின் ஓட்டையை அடைக்காது. அந்தக் காசையும் பல்லுக்கே வைத்திருங்கள். கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் அது பணத்தைப் பற்றி யோசிக்கும் நேரமல்ல. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

வெற்றிலை போடுபவர்கள் தனியாக எதையும் பார்க்க வேண்டுமா?

வந்தவர்க்கு வெற்றிலை வட்டாவை நீட்டுவது நம் பண்பாடு என்பதால் இதைச் சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இலங்கை ஆண்களில் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், முன்போல் வாய் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அரச வைத்தியசாலையின் பல் பிரிவில் காட்டுங்கள். அந்தப் பரிசோதனைக்குக் காசில்லை. நோய் உறுதியானால், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கட்டாரில் இருக்கும் கணவர் ஒரு மாத விடுமுறையில் வருகிறார். அதற்குள் எல்லாவற்றையும் முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் வந்து இறங்கிய பின் தொடங்கினால் முடியாது. விமானச்சீட்டு எடுத்தவுடன் வைத்தியரிடம் நாள் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஏதாவது எக்ஸ்றே எடுத்திருந்தால் தொலைபேசியில் அனுப்பச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாட்களுக்குள் பரிசோதனை, முதல் கிழமையில் பிடுங்குவதும் றூட் கனால் ஆரம்பமும், இரண்டாம் மூன்றாம் கிழமைகளில் கிரவுணுக்கு அளவெடுப்பது என்று ஒழுங்கு செய்தால், கடைசிக் கிழமை பொருத்திய பல் உயரமாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்ய மிஞ்சும். திருமண வீடுகளையும் கோயில் திருவிழாவையும் அதற்கேற்பக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிய இடத்துக்கான கட்டுப்பல்லை மட்டும் அடுத்த விடுமுறைக்கு வைத்துவிடுவது நல்லது; முரசு ஆறியிருக்கும், அந்தக் காசையும் அவர் அங்கிருந்தே சேர்த்துக்கொண்டு வருவார்.